பெயரும் மெய்யும்



உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புத் தகட்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். கனம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவே ஆப்பு வடிவில் ஒரு துளை. அதனைச் சுற்றிலும் மூங்கில்கள். மூங்கில்களுக்கிடையே நீண்ட அங்கி தரித்த முதியோர் எழுவர். அவர்களுடைய முகங்களிலும் ஆடை விளிம்புகளிலும் பொன்னும் செம்பும் மின்னுகின்றன. நடுத்துளையின் இருபுறமும் உளியால் வெட்டிய சில எழுத்துகள் காணப்படுகின்றன.

என்னோடு அலுவலகத்தில் பணிபுரியும் மராத்திய நண்பர் ஒருவர், ஒருநாள் மதிய உணவு வேளையில் இதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில் ஜப்பானில் காவல் பணிக்குச் சென்ற இந்தியப் படையினருள் அவருடைய பாட்டனாரும் ஒருவர். அங்கே ஏதோ ஒரு கடைத்தெருவில் அவர் வாங்கிய பொருள் இது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது.

“மொழிபெயர்ப்பது உங்கள் தொழில்; மாலை வகுப்பில் ஜப்பானிய மொழியும் படித்திருக்கிறீர்கள். இதைச் செய்தவர் யார் என்று படித்துச் சொல்ல வேண்டும்” என்று நண்பர் கேட்டார்.

கேள்வி எளியது. அதற்கு நான் அளித்த முதல் விடை தவறானது. எழுத்தைப் படித்ததில் தவறில்லை, விடைதான் தவறு. இஃது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். ஜப்பானிய வாளின் அலகுக்கும் பிடிக்கும் இடையே பொருத்தப்படும் தகட்டுக்கு ‘ட்ஸுபா’ என்று பெயர். நாம் அதனைக் கைக்காப்பு எனலாம். குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் பட்டுவிடாமல் அது தடுக்கிறது. வாளின் எடையும் அதனால் சமன் பெறுகிறது. அலகின் அடியிலுள்ள காம்பு நுழைவதற்காகவே நடுத்துளை. வாளுறையின் பக்கத்தில் செருகிவைக்கும் சிறு கத்திக்கும், தலைமயிரைச் சீர் செய்யும் ஊசிக்கும் வழிவிடும் பொருட்டு, பல கைக்காப்புகளில் நடுத்துளைக்கு அருகே மேலும் ஒன்றோ இரண்டோ துளைகள் இருக்கும்.

1603ஆம் ஆண்டு முதல் 1868ஆம் ஆண்டு வரையில் ஜப்பானை டொகுகாவா மரபினர் ஆண்டனர். எடோ காலம் என்று வழங்கும் அந்த இரண்டரை நூற்றாண்டில் பெரும்பகுதி அமைதியாகவே கழிந்தது. ஸாமுராய் வீரர்கள் நெடுவாள் ஒன்றும் குறுவாள் ஒன்றும் இடையில் தரித்தார்கள். ஆயினும் அவற்றை உருவ நேர்ந்த நாட்கள் மிகச் சில. வாளலகு உறைக்குள் உறங்கியது. பிறர் கண்ணில் பட்டதெல்லாம் பிடியும் உறையும் கைக்காப்புமே. ஆகவே கைக்காப்பு ஒரு கலைப்பொருளாக வளர்ந்தது. இரும்பு, செம்பு, பித்தளை ஆகியவற்றோடு, ஜப்பானியருக்கே உரிய கலப்பு உலோகங்களும் இதில் கையாளப்பட்டன. செம்பில் சிறிதளவு பொன்னைக் கலந்து, பக்குவம் செய்து, நீலம் ஓடும் கருநிறம் பெறச் செய்வது ‘ஷாகுடோ’. செம்பில் வெள்ளியைக் கலந்து சாம்பல் நிறம் பெறச் செய்வது ‘ஷிபுஇச்சி’. இச்சொல்லுக்கு ‘நாலில் ஒன்று’ என்பது பொருள். ஓவியன் வண்ணங்களைக் கையாள்வதுபோல இவ்வுலோகங்களைக் கையாண்ட கலைஞர் பலர் அந்நாட்டில் தோன்றினர்.

1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் ஓர் அரசாணை பிறந்தது. படையினரும் காவல் துறையினரும் அல்லாத பிறர் பொது இடங்களில் வாள் தரிக்கலாகாது என்று அது விதித்தது. கைக்காப்புச் செய்தே வாழ்ந்த குடும்பங்களின் தொழில் அதனோடு சாய்ந்தது. கானோ நட்ஸுவோ என்னும் பெருங்கலைஞர், 1828இல் பிறந்து 1898 வரை வாழ்ந்தவர், புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவம் செதுக்கித் தந்தார். பின்னர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். எல்லோருக்கும் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. வாளிலிருந்து கழற்றப்பட்ட கைக்காப்புகள் குவியல் குவியலாகக் கடைகளுக்கு வந்தன. மேனாட்டார் அவற்றை விரும்பி வாங்கினர். பாஸ்டன், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்று அவற்றைக் காணலாம். வாளுக்கென்று செய்தவை போக, வாங்குவோருக்கென்றே செய்த கைக்காப்புகளும் அந்நாளில் விற்பனைக்கு வந்தன. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் இது நமக்குப் பயன்படும்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். கைக்காப்பின் நடுத்துளையைச் சுற்றி நீள்வட்டமான ஓர் இடம் வேலைப்பாடு இன்றி விடப்பட்டிருக்கும். வாளைப் பூட்டும்போது செம்புத் தகட்டு வளையங்கள் அவ்விடத்தை மூடிக்கொள்ளும். கலைஞன் தன் பெயரை வெட்டுவது அங்கேதான். அதாவது, வாள் இடையில் இருக்கும்வரை அந்தப் பெயரை யாரும் காண முடியாது. பிடியைக் கழற்றினால்தான் அது வெளிப்படும். இவ்வாறு வெட்டிய பெயருக்கு ஜப்பானிய மொழியில் ‘மெய்’ என்று சொல்வார்கள். நம் தமிழில் மெய் என்றால் உண்மை, உடம்பும் ஆம். இஃது ஒலி ஒப்புமையே அன்றி, இரண்டு சொற்களுக்கும் உறவு ஏதுமில்லை. ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மயக்கத்திற்கு என் தாய்மொழியும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன்!

நண்பருடைய தகட்டில் துளைக்கு ஒருபுறம் 5 எழுத்துகள். மறுபுறம் 8 எழுத்துகள். ஐந்தெழுத்து வரியை ‘கோஷூ ஹிகோனே ஜூ’ என்று படிக்க வேண்டும். கோஷூ என்பது ஓமி என்னும் பழைய நாட்டின் மறுபெயர். பீவா ஏரியைச் சூழ்ந்த அந்நாடு இன்று ஷிகா எனப்படுகிறது. ஹிகோனே அவ்வேரியின் கீழ்க்கரையில் உள்ள கோட்டை நகரம். ஜூ என்றால் ‘வாழ்பவர்’. ஆக, ‘கோஷூ நாட்டு ஹிகோனேயில் வாழ்பவர்’ என்றாகிறது.

எட்டெழுத்து வரி சற்றுக் கடினமானது. முதல் மூன்றும் ‘ஸோஹெய்ஷி’. அது கலைஞன் தானே சூட்டிக்கொண்ட புனைபெயர். அடுத்த இரண்டும் ‘நியூடோ’. தலைமழித்துப் புத்தர் நெறியில் புகுந்தவர், ஆனால் இல்லத்திலேயே இருப்பவர் என்று பொருள். கடைசி எழுத்து ‘ஸெய்’. ‘செய்தது’ என்று பொருள். எஞ்சிய இரண்டு எழுத்துகள்தாம் இயற்பெயர் நிற்க வேண்டிய இடம்.

அந்த இரண்டு எழுத்துகளில் நான் முதலில் தடுக்கி விழுந்தேன். சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை ஜப்பானியர் இருவகையாக ஒலிப்பர். சீன ஒலியைத் தழுவிப் படிப்பது ஒருவகை, தம் நாட்டுச் சொல்லால் படிப்பது மற்றொரு வகை. அகராதியைப் புரட்டி, ‘முனேநோரி’ என்று நான் படித்தேன். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஹிகோனே நகரத்துக் கலைஞர் எவரும் எனக்கு அகப்படவில்லை. பிறகுதான் அதே எழுத்துகளை ‘ஸோடென்’ என்றும் படிக்கலாம் என்பது நினைவுக்கு வந்தது. அப்படித் தேடியவுடன் பெயர் கிடைத்துவிட்டது. கிதகாவா குடும்பத்தைச் சேர்ந்த ஹிகோனே ஸோடென், கைக்காப்புக் கலையில் புகழ்பெற்ற பெயர்களுள் ஒன்று. மக்கட்பெயர்களை அகராதியை மட்டும் நம்பிப் படிக்கலாகாது. வழக்கறிந்து படிக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஸோடெனின் பெயரோடு ஒரு தனிப்பாணியும் வழங்குகிறது. இரும்பை ஊடறுத்து, உருவங்களை முன்னும் பின்னும் திரட்சியாகச் செதுக்கி, பொன் வெள்ளி செம்பு ஆகியவற்றை முகத்திலும் ஆடையிலும் பதிப்பது அப்பாணி. போர்க்களத்து வீரர்கள், சீனத்துச் சான்றோர்கள், பைன் மரங்கள், பாறைகள் எல்லாம் நெருக்கமாக நிறைந்திருக்கும். நண்பருடைய தகட்டில் இருந்த எழுவரும், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகச் சீன மரபு போற்றும் மூங்கிற்காட்டு அறிஞர் எழுவரே. பெயர் பொருந்திற்று, ஊர் பொருந்திற்று, பாணியும் பொருந்திற்று. இன்னும் என்ன வேண்டும்?

நான் ஒரு தாளில் இவ்வாறு தட்டச்சு செய்தேன்: “ஹிகோனேயில் வாழ்ந்த ஸோஹெய்ஷி நியூடோ ஸோடென் செய்த கைக்காப்பு. காலம்: 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி.” கீழே என் கையொப்பத்தையும் இட்டேன். மூலத்தில் இல்லாத காலத்தை நானே சேர்த்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இருபது ஆண்டுகளாக அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் ஒருவன் செய்யக்கூடாத காரியம் அது.

சில வாரங்களுக்குப் பின் நண்பர் மகிழ்ச்சியோடு வந்தார். மும்பையில் பழம்பொருள் சேகரிக்கும் செல்வர் ஒருவர், என் தாளின் நகலைக் கண்டு, நல்ல விலை தர முன்வந்திருக்கிறார். நண்பருடைய மகளுக்குப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் ஆண்டுக் கட்டணம் முழுவதற்கும் அந்தத் தொகை போதும். நண்பர் எனக்கு நன்றி கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் எழுதிய தாள் ஒரு மொழிபெயர்ப்பு என்றே நினைத்திருந்தேன். அதற்கு விலை ஏறியபோதுதான் அது ஒரு சான்றிதழாகிவிட்டது என்று தெரிந்தது.

மறுநாள், எனக்கு ஜப்பானிய மொழி கற்பித்த ஆசிரியை அம்மையாரிடம் தகட்டின் புகைப்படங்களையும் என் தாளையும் காட்டினேன். இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். “வாசித்தது சரி. வாசித்ததோடு நின்றிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அதன்பின் நான் நூலகங்களில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் முதலில் தெரிந்தது இதுதான்: கைக்காப்புகளில் மிகுதியாகப் போலி செய்யப்பட்ட பெயர்களுள் ஸோடென் என்பதும் ஒன்று. அந்தப் பெயரை ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் தாங்கியிருக்கின்றனர். அவர்களுடைய மாணவர்கள் அப்பாணியில் செய்திருக்கின்றனர். ஹிகோனேயைக் கண்ணாலும் காணாத பிற ஊர்க் கைவினைஞர்களும், அதே பதின்மூன்று எழுத்துகளை வெட்டிச் சந்தைக்கு அனுப்பியிருக்கின்றனர். நம் இலக்கியத்தில் ஔவையார் என்ற பெயரைக் கண்டவுடன், எந்தக் காலத்து ஔவையார் என்று நாம் கேட்பதில்லையா? ஸோடென் என்ற பெயரைக் கண்டாலும் அவ்வாறே கேட்க வேண்டும்; அதற்கு மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

பெயரைப் பொய்யாக வெட்டுவதை ‘கிமெய்’ என்பார்கள். அதைச் செய்தவர் எல்லோரும் வஞ்சகர் என்று நினைப்பது சரியன்று. ஆசிரியரின் பட்டறையில் மாணவன் செய்த வேலை ஆசிரியரின் பெயரோடு வெளிவருவது பல தொழில்களில் உண்டு. பாணியின் பெயராகவே ஒருவருடைய பெயர் வழங்கத் தொடங்கிவிட்டால், அதனைப் பொறிப்பது சரக்கின் வகையைக் குறிப்பது போலாகிவிடுகிறது. இவற்றோடு, விலைக்காகவே செய்த பொய்யும் உண்டு. மூன்றும் தகட்டின் மேல் ஒரே தோற்றத்தில்தான் நிற்கின்றன.

வேறு இடர்களும் உண்டு. கோத்தோ என்னும் புகழ்பெற்ற குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1440இல் பிறந்து 1512இல் மறைந்த யூஜோ என்பவர் அதன் முதல்வர். அவர் காலம் தொடங்கி மெய்ஜி காலம் வரையில் அக்குடும்பத்தார் வாளணிகள் செய்துவந்தனர். அவர்களுள் முற்பட்டவர்கள் தம் வேலையில் பெயர் பொறிக்கவில்லை. பிற்காலத்துத் தலைவர்கள், “இஃது இன்ன முன்னோர் செய்தது” என்று அம்முன்னோர் பெயரையும், சான்றாகத் தம் பெயரையும் சேர்த்து வெட்டினார்கள். அங்கே தெளிவாகக் கையொப்பமிட்டிருப்பவர் படைத்தவர் அல்லர், சாட்சி கூறுபவர்! இவ்வாறு சான்று வழங்கும் தாளுக்கு ‘ஒரிகாமி’ என்று பெயர். குழந்தைகள் தாளை மடித்து விளையாடும் கலைக்கும் அதே பெயர்தான். மடித்த தாள் என்பதே சொற்பொருள். ‘ஒரிகாமி உள்ளது’ என்றால் ‘ஐயத்திற்கு இடமற்றது’ என்ற பொருளில் ஜப்பானியர் இன்றும் பேசுகின்றனர்.

அப்படியானால் பொறித்த பெயரால் பயனே இல்லையா? பெரும்பயன் உண்டு, ஆனால் அதனைச் சொல்லாக மட்டும் பார்க்காமல், உளியின் வேலையாகவும் பார்க்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த நொபுஇயே என்னும் பெயரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அந்தப் பெயர் பொறித்த கைக்காப்புகளை ஆராய்ந்தவர்கள், எழுத்தின் தடிப்பையும், நடுத்துளையிலிருந்து அஃது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் கொண்டே ஒருவர்க்கு மேற்பட்டவருடைய கைகளைப் பிரித்தறிகின்றனர். தடித்த எழுத்து ஒருவகை. துளையை விட்டுத் தள்ளி நிற்கும் எழுத்து மற்றொரு வகை. படிக்கும்போது இரண்டும் ‘நொபுஇயே’தான். பார்க்கும்போது இரண்டும் வேறு. மொழிபெயர்ப்பாளன் படிக்கிறான், அறிஞர் பார்க்கிறார். நான் செய்த தவறின் வேர் இங்கே இருக்கிறது.

ஆகவே ஒரு கைக்காப்பைச் செய்தவர் யார் என்று துணிவதற்கு முன், நான்கு செய்திகளைச் சோதிக்க வேண்டும் என்று அறிந்துகொண்டேன்.

முதலாவது, எழுத்தின் வெட்டு. நாள்தோறும் தன் பெயரை வெட்டிப் பழகியவன் கையில் உளி தயங்காது; ஒரு கோடு ஆழமாகவும் மற்றொன்று மென்மையாகவும் இயல்பாக ஓடும். பிறர் பெயரைப் பார்த்து வெட்டுபவன் கோடுகளை வரைகிறான். எல்லாம் ஒரே ஆழத்தில், அஞ்சி அஞ்சி நடப்பதுபோல் இருக்கும். ஐயமற்ற வேலையின் படத்தை அருகில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிட வேண்டும். பெயரோடு ‘காஓ’ என்னும் தனி முத்திரைக் கிறுக்கல் இருந்தால் அதனையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பெயரோடு வரும் மற்றச் செய்திகள். ஊரும், சில வேளைகளில் வயதும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டைப் பேரரசர் காலத்து ஆண்டுப்பெயரால் குறிப்பர். ‘புன்ஸெய் 3’ என்றால் 1820. நம் பிரபவ முதலிய ஆண்டுகளைப் போல அவர்களிடமும் அறுபதாண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. அந்தப் பெயர் மட்டும் தனியே இருந்தால் எந்தச் சுழற்சி என்று தெளிய வேண்டும். பெயருக்குரியவர் வாழ்ந்த ஊரும் காலமும் இவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உலோகமும் வேலையும். பழைய இரும்பின் மேலுள்ள கருமை, தொட்டால் ஈரமோ என்று எண்ணத்தக்க பளபளப்போடு இருக்கும். பதித்த பொன் இரும்புக்குள் வேரூன்றி நிற்கும். மேலே பூசிய பொன் மூக்கு நுனியிலும் முழங்காலிலும் தேய்ந்து போயிருக்கும்.

நான்காவது, வாழ்ந்த தடம். வாளில் பூட்டப்பட்ட கைக்காப்பின் நடுத்துளை, காம்புக்கு ஏற்றவாறு அராவப்பட்டிருக்கும். அல்லது செம்புத் துண்டுகள் செருகி இறுக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் உளிக் குத்துகள் இருக்கும். வளையங்கள் அழுந்திய சுவடு பெயரின் மேலேயே தெரியும். ஒருபோதும் வாளைக் காணாத தகட்டில் இவை இரா.

இந்த நான்கையும் மனத்தில் கொண்டு நண்பருடைய தகட்டை மீண்டும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். பதின்மூன்று எழுத்துகளும் பள்ளிச் சிறுவனின் காப்பி எழுத்துப்போல ஒரே ஆழத்தில் இருந்தன. அறிஞர் எழுவரில் மூவர் முகத்தில் பொன் தேய்ந்து இரும்பு தெரிந்தது. நடுத்துளையின் விளிம்பு வெட்டியபடியே கூர்மையாக இருந்தது. ஓர் அராவலும் இல்லை, ஒரு குத்தும் இல்லை. ஆசிரியை அம்மையார் தமக்கு அறிமுகமான, இத்துறை பயின்ற ஒருவருக்குப் படங்களை அனுப்பியிருந்தார். அவருடைய கருத்தும் அதுவே: ஹிகோனே பாணியைப் பின்பற்றி, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் செய்த வேலை.

நண்பரிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. பணம் இன்னும் கைமாறவில்லை; நான் வாய்மூடி இருந்திருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். தாளில் நான் எழுதியதில் பாதி உண்மைதானே என்று என் மனமே எனக்கு வாதாடியது. இருந்தாலும் போய்ச் சொன்னேன். அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பழைய தாளைத் தாமே எடுத்துக் கிழித்தார். புதிய தாள் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அதில் இரண்டு பத்திகள் எழுதினேன். முதற்பத்தியில், தகட்டில் பொறித்திருப்பது என்ன, அதன் பொருள் என்ன என்று கண்டேன். இரண்டாவது பத்தியில், அந்தப் பெயருக்குரியவர் இதைச் செய்திருப்பார் என்று கொள்வதற்கு வேலைப்பாட்டில் ஆதாரம் இல்லை என்று எழுதினேன்.

மும்பைச் செல்வர் முன்பு சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குதான் தர இசைந்தார். நண்பர் விற்கவில்லை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்று மகளைக் கல்லூரியில் சேர்த்தார். சில மாதங்கள் எங்களிடையே பேச்சுச் சற்றுக் குறைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடனுக்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது என்றே இன்றும் எண்ணுகிறேன். முதல் தாளை நான் கவனமாக எழுதியிருந்தால் அவருக்கு அந்த நம்பிக்கையும் எழுந்திராது; ஏமாற்றமும் நேர்ந்திராது.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இத்தகைய வேலை அடிக்கடி வாய்க்கிறது. பக்கத்து வீட்டார் ஒரு கடிதத்தையோ பத்திரத்தையோ பழைய பொருளையோ கொண்டுவந்து, “உங்களுக்குத்தான் மொழி தெரியுமே” என்று நீட்டுகிறார்கள். அவர்களுக்கு உதவுவது நம் கடமை. ஆயினும் எழுதியிருப்பது இது என்று சொல்வதற்கும், உண்மை இது என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரத்தை நாம் மறக்கலாகாது.

இவ்வகைப் பொருள் உங்களிடம் இருக்குமானால், ஓரிரு வார்த்தைகள். தயவுசெய்து அதைத் துலக்காதீர்கள். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்தால், நூற்றாண்டுகள் படிந்த மேற்படலம் ஒரு நாளில் போய்விடும். பிறகு எந்த அறிஞராலும் அதைத் திருப்பித் தர இயலாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். இருபுறமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1948இல் டோக்கியோவில் நிறுவப்பெற்ற ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், வாள்களையும் வாளணிகளையும் நேரில் பரிசோதித்துச் சான்று வழங்கிவருகிறது. ஆனால் பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புமுன், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின் விதிகளைத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

சென்ற மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தகடு இப்போது அலமாரிக்குள் இல்லை. கூடத்தில், பாட்டனாரின் படத்துக்குக் கீழே, ஒரு சிறு மரத்தாங்கியின் மேல் நிற்கிறது. “பாட்டனாருக்கு அந்த எழுத்துகளில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. மூங்கிலும் கிழவர்களும் பிடித்துப்போய் வாங்கியிருக்கிறார்” என்றார் நண்பர். நானும் அன்றுதான் பெயர் இருந்த இடத்தை விட்டு மற்றப் பகுதிகளை நிதானமாகப் பார்த்தேன். பொன் தேய்ந்த மூன்று முகங்களில் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அதைச் செதுக்கியவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் தம் பெயரை எங்கும் வெட்டவில்லை.